கடலுக்கு ஒரு சொட்டு வழி

பிள்ளைகளே, செஞ்சியில் மோட்டார் ரிப்பேர் பார்த்த நைனா கடலுக்கு எப்படிப் போனார் என்று கேட்டீர்கள். வெளியே வெயிலில் பாறையெல்லாம் கொதிக்கிறது. ஆனாலும் எழுத உட்கார்ந்தால் நான் போன ஊரின் குளிர்தான் முதலில் விரலுக்கு வருகிறது.

குளிர் நாட்டுக் கடற்கரை ஒன்றில், படகு பழுதுபார்க்கும் பட்டறையில் சில வருஷம் இருந்தேன். அங்கே வேலை பார்த்த, நம் செஞ்சிப் பக்கத்து வல்லத்துக்காரர் ஒருவர்தான் என்னைக் கூட்டிப்போனார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ரிப்பேர் செய்தவனும் படகின் முதல் ஓட்டத்தில் கூடவே போகவேண்டும். எனக்கோ நீச்சல் தெரியாது. தெரிந்தவரும் அந்தத் தண்ணீரில் கொஞ்ச நேரம்தான் தாங்குவார்.

அன்று ஒரு வயதான அம்மாவின் படகு. மறுநாள் அவர் தனியாக வடக்கே கிளம்பவேண்டும். எஞ்சினிலிருந்து ஓர் இரும்புத் தண்டு படகின் அடி வழியாக வெளியே போய், தண்ணீருக்குள் இருக்கும் விசிறியைச் சுழற்றும். அந்தத் துளையில் நான்தான் புதுக் கயிறு அடைத்து, அதை அழுத்தும் நட்டை முடுக்கியிருந்தேன். எங்களுக்கும் கடலுக்கும் நடுவில் அந்தக் கயிறுதான்.

பனிமூட்டத்தில் பாறைத் தீவுகள் வந்து வந்து கரைந்தன. ஒன்று நம் ராஜகிரி மலை மாதிரியே இருந்தது, உச்சியில் கோட்டை இல்லை, அவ்வளவுதான். அது மிதந்து வருகிறதா, நாங்கள் போகிறோமா என்றே தெரியவில்லை. கீழே இறங்கித் தண்டருகே கை வைத்தேன்.

"அண்ணே, சுடுது."

வல்லத்துக்காரர் எட்டிப் பார்த்தார். "சொட்டுதா?"

"ஒரு சொட்டு கூட இல்ல. நல்லா முடுக்கிட்டேன்."

"இது இன்னா சிங்கவரத்துக் கெணத்து மோட்டாரா, ஒழுகுனா பயிருக்காரன் சண்டைக்கு வர்றதுக்கு? உள்ள தண்ணி சொட்டுனாதான்டா கயிறு குளிரும். இல்லன்னா தீஞ்சுடும். நாளைக்கு அந்தம்மா நடுக்கடல்ல நிக்கும்."

"நீயே லூஸ் பண்ணுண்ணே."

"முடுக்குனவன் நீ. ஸ்பேனரப் புடி."

மேலே சுக்கானைப் பிடித்திருந்த அந்த அம்மா எஞ்சினை நிறுத்தினார். பலகைக்கு அந்தப் பக்கம் கடல் உரசுவது மட்டும் கேட்டது. நட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம். உள்ளங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. அவ்வளவு பெரிய கடல், அவ்வளவு சின்னதாக.

மறுபடி எஞ்சின் ஓடியது. சொட்டுகள் நிதானமாக விழுந்தன. மேலிருந்து அந்த அம்மா தம் பாஷையில், நாளைக்குப் போகலாமா என்று கேட்டார். தண்டருகே கை வைத்தபடி, தீவுகள் சன்னலில் கடந்துபோவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சூடு முழுக்கத் தணிந்த பிறகுதான் சொன்னேன், போகலாம் என்று.