இசைவாணி கட்டிய வெட்டு மேசை

இசைவாணியிடம் யாராவது "உன்னால ஆகாது" என்று சொன்னால் போதும், அந்த வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். மன்னார்குடியில் தகடு வெட்டும் கடை வைத்திருக்கும் பரணிதரனுக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டது.

வலங்கைமானிலிருந்து நீடாமங்கலம் போகும் சாலையோரம், வாய்க்காலை ஒட்டி அவளுடைய பட்டறை. வயலைத் தூர்த்து மேடாக்கிய இடம். சுற்றியுள்ள வயல்களில் அவளுடைய அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நடவு நட்டார்கள். அவள் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, கணவன் தமிழ்மாறனோடு சேர்ந்து டிராக்டருக்குக் கேஜ்வீல் செய்கிறாள். சேற்றில் இறங்குகிற டிராக்டருக்கு மாட்டும் இரும்புக்கூண்டுச் சக்கரம் அது. அது இல்லாமல் எங்கள் பக்கம் சம்பா உழவு கிடையாது. நான் செல்லதுரை, வாடகைக்கு டிராக்டர் ஓட்டுகிறவன். அவள் செய்த சக்கரத்தில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அதனால் இந்த விஷயத்தில் நான் நடுநிலைக்காரன் இல்லை, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

சக்கரத்துக்கு நடுவே துளைகள் போட்ட ஒரு வட்டத்தகடு வரும். அதை வெட்டும் பிளாஸ்மா மெஷின் பரணிதரன் கடையில்தான் இருந்தது. கம்ப்யூட்டரில் போட்ட கோட்டின்மேல் நெருப்பு ஓடித் தகட்டை வெட்டும். இசைவாணி லோடு ஆட்டோவில் தகட்டை ஏற்றிக்கொண்டு போய் வாசலில் நிற்பாள். பின்னால் வந்தவர்கள் எல்லாம் வெட்டி வாங்கிக்கொண்டு போவார்கள். மெஷின் எப்படி ஓடுகிறது என்று எட்டிப் பார்த்தால், "தள்ளி நில்லும்மா, பொறி பறக்கும்" என்பார் பரணிதரன். போன தை மாதம் அவரும் கேஜ்வீல் செய்ய ஆரம்பித்தார்.

"இனிமே உனக்கு வெட்டித் தர முடியாதும்மா. நான் செஞ்ச சக்கரத்தையே வாங்கி வித்துக்க."

"நானே மெஷின் கட்டிக்கிறேன்."

"அதெல்லாம் பெரிய வேலை. உன்னால ஆகாது."

சொல்லிவிட்டாரா, அவ்வளவுதான்.

ஆவணிக்குள் சக்கரம் தருவதாக எங்கள் டிராக்டர்காரர்கள் எல்லோரிடமும் அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். உழவு நேரத்தில் தராவிட்டால் அடுத்த வருஷம் யாரும் அந்தப் பட்டறைப் பக்கம் போகமாட்டார்கள். நானும்தான். பிறகு ஷட்டரை இறக்கிவிட்டு வேறு வேலை தேட வேண்டியிருக்கும்.

மேசைச் சட்டத்தைத் தமிழ்மாறன் வெல்டிங் செய்துவிட்டான். நெருப்பைக் கக்கும் டார்ச்சைச் சுமக்கும் பாலம் எதன்மேல் ஓடுவது, அதை எது இழுப்பது என்பதில்தான் சண்டை வந்தது. ஓடுவதற்கு லீனியர் ரயில் என்கிற வழுவழுத் தண்டவாளமும், இழுப்பதற்கு பால் ஸ்க்ரூ என்கிற நீள மரைத்தண்டும் போடுவதுதான் முறை என்று, டார்ச்சும் மோட்டாரும் விற்ற கோயம்புத்தூர் வியாபாரி போனில் அடித்துச் சொன்னார். தமிழ்மாறனும் அவர் கட்சி.

"அந்த ரயில் கட்டைக்குள்ள பூரா குண்டுங்க. இரும்புத்தூள் உள்ள போனா தின்னுடும்," என்றாள் இசைவாணி. "நம்ம பட்டறையில தூள் பறக்காத நாளு எது, சொல்லுங்க?"

"சரி, ஸ்க்ரூவாவது போடலாம்ல?"

"இவ்வளவு நீளத்துக்கு ஸ்க்ரூ வேகமாச் சுத்துனா நடுவுல ஆடும்."

"அப்ப பெல்ட்டு?"

"ஒரு பொறி விழுந்தா பொசுங்கிடும்."

கடைசியில் அவள் தேர்ந்தெடுத்தது தள்ளுகேட்டு ஓடுகிற வழி. ‘L’ மாதிரி மடங்கிய இரும்பு ஆங்கிளை முனை மேலே வரும்படி கவிழ்த்துப் போட்டாள். அதன்மேல் நடுவில் பள்ளம் கொண்ட சக்கரங்கள். இழுப்பதற்கு மேசையின் இரண்டு பக்கமும் பல்சட்டம், பக்கத்துக்கு ஒரு மோட்டார். மோட்டாரின் பல்சக்கரம் சட்டத்தை விட்டு விலகாதபடி ஒரு ஸ்பிரிங். வியாபாரி போனிலேயே சிரித்தாராம். சிரிக்கட்டும், அவர் பட்டறையா மூடப்போகிறது?

ஆனால் ஒரு தப்பு நடந்தது. எங்கள் பக்கம் பம்புசெட்டோ ரைஸ்மில்லோ, காலைக் கான்கிரீட்டில் புதைத்தால்தான் அதை மெஷின் என்றே ஒத்துக்கொள்வார்கள். வைகாசியில் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த நேரத்தில், மேசையின் நாலு காலையும் தரையில் புதைத்துக் கான்கிரீட் போட்டார்கள். தண்ணீர் நிரப்பிய ட்யூபை வைத்து மட்டம் பார்த்தபோது ஒரு முனையைப் பிடித்தவன் நான். முதல் வட்டம் நிலா மாதிரி வந்தது.

ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. களிமண் அதைக் குடித்து ஊதியது. வாய்க்கால் பக்கத்து மூலை மேலே ஏறி, மேசை முறுக்கிக்கொண்டது. பாலம் அந்த மூலைக்குப் போகும்போதெல்லாம் மோட்டார் திணறியது, வட்டம் கோணியது. துளைகளில் ஒன்றுகூட டிராக்டரோடு சேரவில்லை. செய்தி மன்னார்குடிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?

"இசைவாணி கோழிப்பண்ணை வச்சிருக்கு. மெஷின் முட்டையா போடுது," என்று பரணிதரன் டீக்கடையில் சொல்லிச் சிரித்தார்.

அவள் அழுதாள், அதை ஏன் மறைக்க வேண்டும். அழுதுகொண்டே கிரைண்டரை எடுத்து, மேசையின் கால்களைத் தரையோடு அறுக்க ஆரம்பித்தாள்.

"காலு புடிப்பு இல்லன்னா மெஷின் நகந்துடும் வாணி," என்றான் தமிழ்மாறன்.

"நகர்றதுக்கு அது என்ன மாடா? டார்ச்சு தகட்டத் தொடுறதே இல்ல. எதையும் தள்ளாத மெஷினுக்கு எதுக்குங்க விலங்கு? மண்ணு ஏறட்டும், எறங்கட்டும். நான் போல்ட்டத் திருகி மட்டம் பண்ணிக்கிறேன்."

அறுத்த கால்களுக்கு அடியில் கனமான தகடும், ஏற்றி இறக்கும் போல்ட்டும் வைத்தாள். ஆங்கிளையும் இடத்துக்கு இடம் போல்ட்டில் நிறுத்தி நேராக்கினாள். காலையில் பட்டறை திறந்ததும் முதல் வேலை ட்யூப் பிடிப்பது. மேசை அவ்வளவு முறுக்கியதற்கு லீனியர் ரயிலாக இருந்தால் அன்றைக்கே இறுகி நின்றிருக்கும் என்று தமிழ்மாறன் பிறகு என்னிடம் மட்டும் ஒத்துக்கொண்டான். அவளிடம் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை.

ஆவணி பிறக்கும் முன்பே சக்கரங்கள் வாசலில் வரிசை கட்டி நின்றன. என் டிராக்டருக்கு மாட்டும்போது போல்ட்டுகள் எல்லாம் கையாலேயே இறங்கின, சுத்தியலுக்கு வேலையே இல்லை. சேற்றில் இறங்கி ஒரு சுற்று வந்துவிட்டு வரப்பில் நின்ற அவளைப் பார்த்தேன். இடுப்பில் கை வைத்து, ஊருக்கே சொந்தக்காரி மாதிரி நின்றாள். அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வாரமே பரணிதரன் பட்டறைக்கு வந்தார். சக்கரத்துக்குப் பாக்கிப் பணம் கொடுக்க நானும் அங்கே இருந்தேன். மேசையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஆங்கிள்லயா ஓடுது? எத்தன நாளைக்கு வரும் இது?"

"தேஞ்சா வேற ஆங்கிள் மாட்டிக்குவேன். நீடாமங்கலத்துல கெடைக்குது."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எதுக்கும்மா இந்தச் செரமம்? இனிமே உன் தகட மொதல்லயே வெட்டித் தரேன். கொண்டாந்து போடு."

"உங்க வாசல்ல நின்னுக்கிட்டே இருந்தப்பதான் இந்த மெஷின யோசிச்சேன். அது போதும்ங்க. திரும்பவும் அங்க வந்து நிக்கிறதா இல்ல."

அவர் பாலத்துப் பக்கம் குனிந்து, ஸ்பிரிங்கை உற்றுப் பார்த்தார். இசைவாணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவிட்சில் கை வைத்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பொறி பறக்கும்."

அவர் தள்ளி நின்றார்.