கோடு போட்ட கண்ணாடி

வாயால் ஊதி, மெல்லிய துணியால் துடைத்து, வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடியும் ஊதுகிறார் கண்ணாடிக் கடைக்காரர். அவர் கைபடாத கண்ணாடி எதுவும் அந்தக் கடைப்படி இறங்கியதில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் லேசாக நெளிந்தால் போதும், அதட்டல் விழும்: "மோவாயத் தூக்குங்க. ஆடாம இருங்க. போட்டோவா புடிக்கிறேன்? பார்வை பாக்கறேன்."

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். லென்ஸ் தேய்க்கும் பட்டறையில் தரை கூட்டப் போய், தேய்க்கக் கற்று, யார் தயவும் இல்லாமல் கடைத்தெரு முக்கில் கடை போட்டவர். "இந்த ஊர்ல பாதிப் பேரு பாக்கறது என் கண்ணால" என்பார். மீதிப் பாதி? "அவங்க இன்னும் பாக்கவே ஆரம்பிக்கல."

அந்த வாயை அடக்க ஒரே ஒருவரால்தான் முடிந்தது. அரசியல் எழுதுகிறவர், கடைக்காரருக்கு அவர் வெறும் 'தாடி'. சாயங்காலமானால் பார்வை சோதிக்கும் நாற்காலியில் வந்து சாய்ந்துகொண்டு மல்லுக்கு நிற்பார். ஆள்கிறவன் தூரத்திலிருந்து பார்க்கிறான், அதனால்தான் ஜனங்கள் அவனுக்குக் கூட்டமாகத் தெரிகிறார்கள். கிட்டத்தில் வந்தால் ஆளுக்கொரு முகம் இருக்கிறது. முகம் தெரிகிற தூரத்துக்கு மேல் எவனுக்கும் அதிகாரம் கூடாது என்பது தாடியின் கட்சி. பக்கத்து வீட்டுக்காரனுக்கு முகம் தெரியாதா, அவன் சுவர்த் தகராறு செய்வதில்லையா என்று மடக்குவார் கடைக்காரர். தாடி அதையெல்லாம் புத்தகமாக்கினார். புத்தகம் வந்தது, பின்னாலேயே போலீஸ் வண்டியும் வந்தது. அந்த யோசனை பிறந்ததே தன் கடை நாற்காலியில்தான் என்று இன்றைக்கும் மார்தட்டுகிறார் கடைக்காரர், எதிரே உட்கார்ந்திருப்பது போலீஸ்காரராக இருந்தாலும்.

அவர்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. தாடிக்குத் தூரத்துக்கு ஒரு கண்ணாடி, படிக்க ஒரு கண்ணாடி. இரண்டையும் சேர்த்து, நடுவில் கோடு போட்டு ஒன்றாகச் செய்து தருகிறேன் என்று கடைக்காரர் சொல்லாத நாளில்லை. "மேல ஒரு பார்வை, கீழ ஒரு பார்வை பாக்கறது அரசாங்கத்தோட வேலைப்பா. எனக்கெதுக்கு?" என்பார் தாடி.

சிறையில் ஆளுக்கு ஒரு கண்ணாடிதான். தாடி படிக்கிற கண்ணாடியை வைத்துக்கொண்டார். போய்ப் பார்க்கக் குடும்பத்தாருக்கு மட்டுமே அனுமதி. சிநேகிதத்தை அங்கே யாரும் உறவில் சேர்ப்பதில்லை. தாடியின் மனைவிதான் போய்விட்டு வந்து செய்தி சொல்வாள். கடைக்காரர் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். "என்னைத் திட்டுனானாம்மா?" என்பதுதான் முதல் கேள்வி. திட்டினார் என்று தெரிந்தால் அன்றைக்கு மனுஷருக்குத் தரையில் கால் பாவாது.

ஒரு முறை அவள் வந்து, சிறையில் பார்க்க விடும் இடத்தைச் சொன்னாள். இந்தப் பக்கம் ஒரு கம்பிவலை, அந்தப் பக்கம் ஒரு கம்பிவலை, நடுவே காவலர் நடக்கும் பாதை. "அவருக்கு என் மூஞ்சி தெரியலண்ணே. குரலக் கேட்டுத்தான் நான்னு கண்டுபிடிக்கிறாரு." பிறகு சொன்னாள்: "கோடு போட்ட கண்ணாடியே செஞ்சு குடுக்கச் சொன்னாரு. நீங்க ஜெயிச்சிட்டீங்களாம்."

எத்தனை வருஷம் ஏங்கிய வெற்றி. கடைக்காரர் தலையைத் தூக்கவில்லை.

"இங்க வந்து, என் எதிர்ல உக்காந்து சொல்லட்டும். அது வரைக்கும் செல்லாது."

அவரே தேய்த்தார். கோட்டை எவ்வளவு கீழே இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கினார். முகங்களுக்குப் பெரிய பங்கு, எழுத்துக்கு மிச்சம்.

வாங்கிக்கொண்டு போகும்போது தங்கச்சி இன்னொன்றும் சொன்னாள். தாடியின் சிறை அறைச் சன்னலிலிருந்து பார்த்தால் வெளியே பஸ் நிற்குமிடம் மட்டும் தெரியுமாம். யாரோ நிற்கிறார்கள் என்று தெரியும், யாரென்று தெரியாதாம்.

கண்ணாடி உள்ளே போய்ச் சேர்ந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கடை பூட்டிக் கிடக்கிறது. சிறைச்சுவருக்கு எதிரே அந்த நிறுத்தத்தில் கடைக்காரர் இறங்குகிறார். வருகிற பஸ் எதிலும் ஏறுவதில்லை. காத்திருக்கும் கூட்டத்தை விட்டு ஓரடி தள்ளி நின்று, வெயிலுக்குப் போட்டுவந்த தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மோவாயைத் தூக்கி, ஆடாமல் நிற்கிறார்.