லைட் ஹவுஸ்லேர்ந்து பெசன்ட் நகருக்கு… நடந்தே!

செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு ஈர மண்ல கால் வச்சா, மார்கழிக் குளிர் உள்ளங்கால் வழியா ஜிவ்வுனு ஏறும்…

தொண்ணூறுகள்ல ஒரு மார்கழி. தி.நகர் ஆபீஸ்ல நான், வசந்தா, ஸ்டெல்லா மூணே பேர்தான் லேடீஸ். ஏற்காட்டுக்கு ஆபீஸ் டூர், மலை ஏறப் போறாங்களாம். மேனேஜர் சொல்லிட்டார், "லேடீஸால நடக்க முடியாதும்மா. நீங்க வரவேண்டாம்."

எனக்கு வந்துச்சே கோவம்!

"லைட் ஹவுஸ்லேர்ந்து பெசன்ட் நகர் வரைக்கும் நடந்து காட்டினா சேர்ப்பீங்களா சார்?"

சிரிச்சார். "சனிக்கிழமை பதினோரு மணிக்கு டிராவல்ஸுக்கு லிஸ்ட் போகுது. அதுக்குள்ள அங்கேர்ந்து போன் பண்ணுங்க, பார்க்கலாம்."

சனிக்கிழமை அரை நாள் லீவ் போட்டு காலையில எட்டு மணிக்குக் கிளம்பிட்டோம். மழைக்கால அலை கரையை இடுப்பு உயரத்துக்குச் செங்குத்தா வெட்டி வச்சிருந்துச்சு. மேல நடந்தா மண்ணு சரியுது, கீழ நடந்தா அலை புடவையை நனைக்குது. ஸ்டெல்லா ரெண்டு தடவை மண்ணோட சேர்ந்து சறுக்கி விழுந்தா. சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுது.

தூரத்துல பாலம் தெரிஞ்சதும் ஒரே குஷி. கிட்டப் போனா… பாலத்துக்கு நடுவுல பாலத்தையே காணோம்! கீழ அடையாறு கடல்ல கலந்துக்கிட்டிருக்கு.

மெரினாவுக்கும் பஸ், பெசன்ட் நகருக்கும் பஸ்னு வளர்ந்தவங்க நாங்க. பஸ் அடையார் பாலத்து மேல ஆத்தைத் தாண்டுற நாலு நிமிஷமும் பேச்சுதான். வழியில அந்த ஆறு வரும்னு மூணு பேர்ல ஒருத்திக்குக்கூட தோணலையே!

வலை உதறிக்கிட்டிருந்த மீனவர் சிரிச்சார். "இன்னாம்மா, ஆறு கீதுன்னு தெரியாதா? கட்டுமரத்துல குந்துங்க, அக்கரைல வுட்டுடறேன்."

ஸ்டெல்லா ஏறவே போயிட்டா. வசந்தா கையைப் பிடிச்சு இழுத்தா. "நடக்கறதுன்னு சொல்லிட்டோம்டி. நடந்துதான் போகணும்."

மணி ஒன்பதரை. திரும்பி, ராஜா அண்ணாமலைபுரம் சுத்தி, அடையார் பெரிய பாலம் ஏறி… நடையா அது, ஓட்டம்!

பெசன்ட் நகர் பீச் பூத்துல போனைத் தூக்கினப்போ பத்து அம்பத்தி ரெண்டு.

"பஸ்ல போகலைன்னு எப்படி நம்பறது?"ன்னார் மேனேஜர். எனக்கு அழுகையே வந்துடுச்சு. பூத்துக்காரர் ரிசீவரைப் பிடுங்கினார். "சார், மூணு பேரும் முட்டி வரைக்கும் மண்ணு அப்பிக்கினு நிக்கிறாங்க. பஸ்ல வந்தா இப்டி இருக்குமா?"

சொல்லிட்டு ரிசீவரை என் கையில திருப்பிக் கொடுத்தார். அந்தப் பக்கம் மேனேஜர், "சரிம்மா… சேர்த்துட்டேன்."

மூணு பேரும் ரோடுன்னுகூட பார்க்காம குதிச்சோம்!

ஏற்காட்டுல பாதி மலையில மூச்சு வாங்கி உட்கார்ந்தது யார் தெரியுமா? மேனேஜரேதான். அவர் பையை உச்சி வரைக்கும் தூக்கிட்டுப் போனது நான்.

இப்பவும் அதே பீச்ல வாக்கிங் போறேன். நல்ல ஷூ, கையில வாட்ச். எட்டாயிரம் ஸ்டெப்ஸ் ஆனா "வெல் டன்"னு காட்டுது. பார்த்துட்டு வீட்டுக்கு வந்துடறேன்…

ஆனா அந்த "சேர்த்துட்டேன்" இருக்கே, அதை நெனச்சா இன்னைக்கும் நடை வேகமாயிடுது.