தலைகீழானாலும் விழாத உறை

பூவரசங்கிளையில் இரண்டு முழங்கால்களையும் மாட்டிக்கொண்டு காத்தவராயன் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தார். இடுப்பில் உறையோடு கத்தி. உடம்பை ஒரு உலுக்கு உலுக்கினார். கத்தி விழவில்லை. "பாத்துக்கிட்டீங்களா?" என்று ரத்தமேறிய முகத்தோடு சிரித்தார். அதே நேரம் கத்தி சரேலென்று நழுவி, மணலில் குத்திக்கொண்டு நின்றது. மூட்டை அடுக்கும் கிட்டங்கி வாசலில் கோணி தைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஊசியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். காத்தவராயன் இறங்கி வந்து, அந்த மூங்கில் உறையை அவிழ்த்துக் கடலைப் பார்த்து விட்டெறிந்தார். "இது வேலைக்காவாது. வேற பண்ணுவோம்" என்று கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார். முகத்தில் வருத்தம் மருந்துக்கும் இல்லை.

நாற்பதைத் தாண்டிய மனிதர். கடலூர் முதுநகரில் கடலை மூட்டை ஏற்றும் படகுக்குத் தண்டல். பின்னால் நின்று திசை பிடித்து, துடுப்புப் போடுகிறவர்களை அதட்டி வேலை வாங்குகிறவர். கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாமல் தூரத்திலேயே நங்கூரம் போட்டுவிடும். இவர்கள்தாம் அலையைத் தாண்டிக் கொண்டுபோய் மூட்டைகளைச் சேர்க்க வேண்டும். படகில் ஆணி என்பதே கிடையாது. பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். கப்பலோரம் கட்டிக் கிடக்கும்போது பெரிய அலை தூக்கினால், கட்டின கயிறு விறைத்துக்கொள்ளும். அந்தக் கணமே அதை அறுத்துவிட வேண்டும். அசந்தால் படகு பிய்ந்துவிடும், இல்லை ஆள் போய்விடுவான். ஆகவே தண்டல் தொழிலில் நாக்கு எவ்வளவு முக்கியமோ, கத்தியும் அவ்வளவு முக்கியம்.

கத்தியைப் பற்றி அவருக்குக் கவலையே இருந்ததில்லை. சவரம் செய்துகொள்ளலாம் போலத் தீட்டி வைத்திருப்பார். வம்பெல்லாம் உறையால் வந்தது.

போன ஐப்பசி வரை அவரிடம் இருந்தது ஓர் அழகான தோல் உறை. சிதம்பரம் கீழவீதியில் மிருதங்கத்துக்கு வார் பிடிக்கும் சுப்புரத்தினத்திடம் நச்சரித்துச் செய்துகொண்டது. ஐப்பசியில் ஒருநாள் கப்பலோரம் படகு நிற்கையில், கயிற்றுச் சுருள் ஒன்று தங்கராசுவின் இடது காலைச் சுற்றிக்கொண்டது. தங்கராசு இவருடைய மனைவி செல்லாயியின் தம்பி. அலை படகை இறக்க, கயிறு அவனை விளிம்புக்கு இழுத்தது. காத்தவராயன் இடுப்பில் கை வைத்தார். கத்தி வரவில்லை. நனைந்து ஊறிய தோல் கத்தியைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. பலங்கொண்ட மட்டும் இழுத்ததில் இடுப்புவாரே அறுந்து உறையோடு கையில் வந்தது. அடுத்த அலை படகைக் கப்பல் மேல் மோதியது. கயிறு தானாகத் தளர்ந்து கால் விடுபட்டது. தங்கராசு பிழைத்தது கடல் போட்ட பிச்சை. கணுக்காலில் தோல் உரிந்து போயிற்று. இப்போதும் நடையில் லேசாக ஒரு சாய்வு உண்டு.

"மாமா, ஒன் கத்தி மேல எனக்கு நம்பிக்க இருக்குது. ஒன் ஒறை மேலதான் இல்ல" என்று சொல்லிவிட்டு, அவன் கரையிலேயே மூட்டை அடுக்கப் போய்விட்டான். கோபித்துக்கொண்டு திட்டியிருந்தால்கூடத் தண்டல் தாங்கியிருப்பார். சாந்தமாகச் சொன்னதுதான் அவரைச் சுட்டுவிட்டது. துடுப்புப் பாட்டுக்குக் குரலெடுக்கிறவன் தங்கராசு. அவன் இல்லாத படகில் துடுப்புகள் ஆளுக்கொரு தாளம் போட்டன. வீட்டில் அதைவிட மோசம். அக்காள் வீட்டு வாசற்படி ஏறாமலே தெருவோடு போக ஆரம்பித்தான் தம்பி.

தண்டல் நேராகச் சிதம்பரத்துக்கு ரயிலேறிச் சண்டைக்குப் போனார். "மிருதங்கத்த யாருய்யா கடல்ல முக்குறது?" என்று சுப்புரத்தினம் ஒரே கேள்வி கேட்டார். தண்டல் அடுத்த ரயிலில் திரும்பி வந்தார்.

அதற்குப் பிறகுதான் இந்த வேட்டை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், சாவு வீட்டில் நின்றாலும், அவர் பேச்சு கடைசியில் உறைக்கு வந்து சேரும். "மூணே சங்கதி. தலகீழா கவுந்தாலும் வுழக்கூடாது. ஒத்தக் கையில உருவ வரணும். உப்புத்தண்ணிக்கு அசரக்கூடாது. ஜாஸ்தியாவா கேக்குறேன்?" என்பார். தகர உறை செய்தார். அது துருப்பிடித்ததோடு கத்திக்கும் துருவை ஒட்டிவிட்டது. யுத்தம் முடிந்து மஞ்சக்குப்பத்தில் பட்டாளத்துப் பழைய சாமான்களை விற்றபோது, ஒற்றை ரப்பர் பூட்ஸ் ஒன்றை வாங்கி வந்து அறுத்துத் தைத்தார். சொட்டுத் தண்ணீர் புகாதபடி தையல் முழுக்கத் தார் பூசினார். தண்ணீர் வாய் வழியாகப் போயிற்று. போனது வெளியே வர வழியில்லை. இரண்டு நாளில் கத்தி ஊறுகாய் ஆகிவிட்டது. ஒவ்வொரு உறையையும் செய்து முடித்த ராத்திரி அவருக்குத் தூக்கம் பிடிக்காது. இதுதான் அது என்று செல்லாயியைத் தட்டி எழுப்பிக் காட்டுவார்.

மார்கழியில் ஒருநாள் சோறு தின்றபடியே, தண்ணீர் புகாமலிருக்க மெழுகில் உறை வார்க்கப் போவதாக ஆரம்பித்தார். செல்லாயிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒன் படகே நாள் பூரா ஒழுவுது. தண்ணிய எறச்சி ஊத்திட்டுத்தான போற வர? ஒறை மட்டும் ஒழுவாம இருக்கணுமாக்கும்?"

 "செல்லாயி, செல்லாயி" என்று பிசைந்த கையோடு எழுந்து ஓடிய தண்டல் கை கழுவக்கூட இல்லை. அடடா, மனிதருக்கு அன்று வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். படகு போலவே உறை. பூவரசம் பலகையில் இரண்டு மெல்லிய பட்டைகள். ஆணியில்லாமல், தார் ஊட்டிய நூலால் தையல். அடியில் விரல் நுழையும் ஓட்டை. போன தண்ணீர் போன வேகத்தில் வெளியே வந்துவிடும். பிடிக்கு மேலே சைக்கிள் டியூப் வளையம். கட்டைவிரலால் தள்ளினால் கத்தி கைக்கு வரும், தள்ளாவிட்டால் ஆண்டவனே உலுக்கினாலும் வராது. கத்திக்குத் தினம் மீனெண்ணெய். பூவரசங்கிளையில் வெகுநேரம் தொங்கினார். கத்தி அசையவில்லை. கோணி தைக்கும் பெண்களுக்கு அன்று சிரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

தை பிறந்து முதல் கப்பல் வந்தது. படகைத் தள்ளுகிற நேரத்தில் தங்கராசு சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தான். புது உறையைப் பற்றி அக்காள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"மரத்துல தொங்குனது போதும் மாமா" என்றான். படகில் கட்டியிருந்த கயிற்றின் நுனியை எடுத்து, அதே இடது காலில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அலை உடைகிற இடத்தில் போய் நின்றான். "அலை நம்மள சாச்சப்புறம் கத்திய எடு. முன்னாடி கை வெச்சின்னா ஒத்துக்கமாட்டேன்."

 காத்தவராயன் அவன் பக்கத்தில் போய் நின்றார். அத்தனை மாதம் துள்ளிக் குதித்த மனிதருக்கு அப்போதுதான் பயம் வந்தது. அலை வந்து இரண்டு பேரையும் ஒன்றாகப் புரட்டிப் போட்டது. படகு பின்வாங்க, கயிறு விறைத்து, தங்கராசு மல்லாந்து கடலுக்குள் போனான். நுரைக்குள் தலைகீழாகக் கிடந்த தண்டலின் கட்டைவிரல் வளையத்தைத் தள்ளியது. கத்தி வந்தது. ஒரே வெட்டு. கயிறு அறுந்து படகு ஒரு பக்கம் போக, தங்கராசு ஒரு பக்கம் கரையில் வந்து விழுந்தான். ஆட்கள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடிப்போய்ப் படகைப் பிடித்தார்கள். தண்டல் கத்தியை உறையில் போட்டபடி எழுந்து நின்றார்.  இருமலும் அழுகையும் சேர்ந்து வந்தன.

 தங்கராசு கண்ணில் பட்ட உப்புத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டு படகில் ஏறினான். அவன் காலில் சிக்காதபடி யாரோ தள்ளி வைத்திருந்த கயிற்றுச் சுருளைத் தன் பக்கம் இழுத்துப் போட்டு, அதன் நடுவில் இடது காலை ஊன்றி உட்கார்ந்து, துடுப்பைப் பிடித்தான்.