தைவான் கொழுக்கட்டையும் ஐஸ் கம்பெனிப் புகையும்

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், "இன்னிக்கு அடுப்பு பத்த வைக்காதம்மா, வெளிய சாப்ட்லாம்" என்றாள் என் மகள் ஜெனி. வேலையில் அவளுக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. வெளியே என்றால் ராயபுரத்துக்குள்ளேயே பிரியாணியாக இருக்கும் என்று நினைத்து, கட்டியிருந்த புடவையோடு கிளம்பிவிட்டேன். அவள் கூட்டிப்போனது ஊரின் மறுகோடியில் இருக்கும் ஒரு பெரிய மால். அங்கே நகரும் படிக்கட்டு. அதில் கால் வைக்க நான் பட்ட பாட்டைப் பார்த்து, பின்னால் நின்றவர்கள் எல்லாம் மின்தூக்கிக்குப் போய்விட்டார்கள்.

தைவான் நாட்டுச் சாப்பாடாம். வாசலிலேயே கண்ணாடித் தடுப்பு. உள்ளே முகமூடி கட்டிய பையன்கள் மாவை வட்டமாகத் தேய்த்து, நடுவில் கறியை வைத்து, புடவைக் கொசுவம் மடிப்பதுபோல ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா ஜெனி, கொயக்கட்டைய கண்ணாடி ரூம்புல வச்சி பண்றானுங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

"டம்ப்ளிங்குப்பா. கொஞ்சம் மெதுவா பேசு."

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயரானவர் அவர். அவர் மெதுவாகப் பேசினால் நாலு மேஜைக்குக் கேட்கும்.

இஞ்சியை நூலாக நறுக்கிக் கிண்ணத்தில் போட்டு, மேலே கறுப்பு வினிகர் ஊற்றினார்கள். அந்தக் காரமான நெடி மூக்கில் ஏறிய அதே நேரத்தில், பரிமாற வந்த பெண் மூங்கில் கூடையின் மூடியைத் திறந்தாள். வெள்ளையாக ஆவி பொங்கி, எதிரில் இருந்த ஜெனியின் முகத்தை மறைத்துவிட்டது.

நான் எழுந்தது எனக்கே தெரியாது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. ஜெனியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலை நோக்கி நாலைந்து மேஜை தாண்டிவிட்டேன். "அம்மா, இன்னாம்மா ஆச்சு? வெறும் ஆவிம்மா!" என்று அவள் கத்துகிறாள். என் முந்தானை என் மூக்கை மூடியிருக்கிறது. எல்லோரும் கையில் சாப்பிடும் குச்சியோடு எங்களையே பார்க்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண் கையிலிருந்த மூடியை வாங்கி, கூடையை மூடினார். "வா, வந்து உக்காரு. இன்னிக்காச்சும் பொண்ணாண்ட அத சொல்லிடு" என்றார்.

என் தலை முழுக்க நரைத்துவிட்டது, சாயம் பூசுவதில்லை. எளிமை என்று சர்ச்சில் பாராட்டுகிறார்கள். நானும் மறுப்பதில்லை. உண்மை என்னவென்றால், சாயத்தில் வரும் அமோனியா நெடி எனக்கு ஆகாது. அந்த நெடியை முதன்முதலில் முகர்ந்தபோது எனக்கு அதன் பெயர்கூடத் தெரியாது.

ஜெனி அப்போது தவழ்கிற குழந்தை. மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி ஒரு ஷெட்டில் நான் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவின் ஒரு முனை பெரிய ரோடு, மறுமுனை கடல். வீட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் கம்பெனி; உள்ளே ஐஸை உறைய வைப்பது அமோனியா என்று பிறகுதான் தெரிந்தது. கோடையில் சுவரில் முதுகைச் சாய்த்தால் சில்லென்று இருக்கும். ஓசி ஏசி என்று சொல்லிச் சிரிப்போம். வேலைக்குப் போகும்போது குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பாத்திமாக்காவிடம் விட்டுப் போவேன். விட்டுப் போவேன் என்றா சொன்னேன்? நான் கிளம்புவதற்கு முன்பே அவர் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

அன்று மத்தியானம் லாரி டயர் வெடித்ததுபோல ஒரு சத்தம். யாரும் தலை நிமிரவில்லை. கொஞ்ச நேரத்தில் கண் எரிந்தது. பிறகு தொண்டை. ரோட்டில் யாரோ கத்தினார்கள்: "ஐஸ் கம்பெனில கேஸு லீக்காயிட்ச்சி! ஓடுங்க! ஓடுங்க!"

ஷெட்டே காலியானது. எல்லோரும் மேற்கே, பெரிய ரோட்டைப் பார்த்து ஓடினார்கள். நான் முந்தானையை ஐஸ் தண்ணீரில் முக்கி மூக்கில் கட்டிக்கொண்டு தெருவுக்குள் ஓடினேன். எதிரில் வந்தவர்கள் என்னைத் தள்ளினார்கள். "எங்க போற, செத்துடுவ!" என்று ஒரு அம்மா என் தோளைப் பிடித்தார். உதறினேன்.

புகை என்றால் மேலே போகும் என்றுதான் நினைத்திருந்தேன். அது தரையோடு தரையாக, இடுப்பளவு உயரத்தில், பால் கொட்டியதுபோல வந்தது. பாத்திமாக்கா வீட்டுப் படியில் கோழி ஒன்று செத்துக் கிடந்தது. கதவு திறந்திருந்தது. தட்டில் பாதிச் சோறு. உத்தரத்தில் தூளி காலியாகத் தொங்கியது.

"அக்கா!" என்று கூப்பிட வாயைத் திறந்தேன். நெருப்பை விழுங்கியது போலிருந்தது, குரல் வரவில்லை. கண்ணைத் திறக்க முடியாமல் கட்டிலுக்கு அடியிலும் அரிசி மூட்டைக்குப் பின்னாலும் கையால் தடவித் தேடினேன். எதைத் தொட்டாலும், இதுதான் குழந்தையோ என்று கையை இழுத்து, மறுபடியும் தொட்டுப் பார்த்தேன். தீயணைப்பு வண்டிக்காரர் ஒருவர் என்னை வெளியே இழுத்துப் போட்டதாக அப்புறம் சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் கண்ணைக் கழுவிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் துறைமுகத்திலிருந்து ஓடிவந்திருந்தார். "கொயந்த எங்க?" என்றார். இரண்டு பேருமாக ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தோம். ஒரு கட்டிலில் முகம் வரை துணி போர்த்திய சின்ன உருவம். அவர் நின்றுவிட்டார். நான்தான் துணியை விலக்கினேன். வேறு யாரோ பெற்ற பையன். மூச்சு இருந்தது, தூங்கிக்கொண்டிருந்தான். அப்பாடா என்று இருந்தது. அடுத்த கணமே, அப்படியானால் ஜெனி எங்கே என்ற பயம் முன்னைவிட மோசமாக வந்தது. அடுத்த கட்டிலுக்குப் போனோம். இப்படியே பொழுது சாய்ந்தது.

"பொம்பளைங்க, கொயந்தைங்க கொஞ்சம் பேரு போட்டுல கடலுக்குள்ள பூட்டாங்களாம். இப்பதான் கரைக்கு வர்றாங்க" என்று ஒருவர் வந்து சொன்னார். துறைமுகம் வரை எப்படி ஓடினேன் என்று கேட்காதீர்கள். செருப்பு எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது.

ஃபைபர் படகிலிருந்து பாத்திமாக்காவை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். அத்தனை வருடம் கடலுக்குப் பக்கத்திலேயே இருந்தும் படகில் ஏறாதவர். வாந்தி எடுத்து எடுத்து முகமே செத்துப்போயிருந்தது. புர்காவுக்குள் ஏதோ அசைந்தது.

"எல்லாம் ரோட்டாண்ட ஓடிச்சிங்க. பொகையும் அதுங்க பின்னாலயே போச்சி. எனுக்கு இன்னா தோணிச்சோ, கடலாண்ட ஓடியாந்துட்டேன். எவனோ ஒர்த்தன் ஏறு ஏறுன்னான், ஏறிட்டேன்" என்றார் மூச்சு வாங்க. "இந்தா, புடி உம் பொண்ண. பசில என் கைய கட்ச்சி வச்சிகீது பாரு."

நான் குழந்தையை வாங்கவில்லை. வாங்கினால் கையிலிருந்து நழுவிவிடும் என்று பயம். பின்னால் ஓடிவந்த என் வீட்டுக்காரர்தான் வாங்கிக்கொண்டார். நான் பாத்திமாக்காவின் ஈரப் புர்காவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாலில் இதைச் சொல்லி முடித்தபோது கொழுக்கட்டை ஆறிப்போயிருந்தது. "இத்தினி நாளா ஏம்மா சொல்லல?" என்றாள் ஜெனி. சொன்னால் மறுபடியும் அந்தத் தூளி காலியாகிவிடும் என்று பயந்தேன் என்பதை எப்படிச் சொல்வது? "சாப்டு" என்றேன்.

திரும்பும்போது துறைமுகத்து ரோடு வழியாகப் போகச் சொன்னாள். ஐஸ் கம்பெனியை என்றோ இடித்துவிட்டார்கள். பிறகு ரோட்டை அகலமாக்க எங்கள் தெருவையும் எடுத்துவிட்டு, எங்களையெல்லாம் ஆளுக்கொரு திசைக்கு அனுப்பினார்கள். பாத்திமாக்காவுக்குக் கடல் கண்ணில் படாத தூரத்தில், மாடி வீடு. ஒரு முறை தேடிக்கொண்டு போனேன். வேறு யாரோ கதவைத் திறந்தார்கள். மகனோடு போய்விட்டார் என்றார்கள். எந்த ஊருக்கு என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

ஜெனி கார் கண்ணாடியை இறக்கினாள். "எந்த எடம்மா?"

கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. கையை நீட்டினேன். எந்த லாரிக்கு அடியில் என்று எனக்கே தெரியவில்லை.