வாணியம்பாடி மாப்பிள்ளையும் மடவைக் குழம்பும்

எழுபதுகளின் கடைசியில் என் லாத்தாவை வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்தோம். எங்கள் வீட்டில் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். மச்சானுக்குத் தோல் மண்டி. தங்கமான மனிதர். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக எங்கள் ஊர் பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"இன்னா மச்சான், சளியா?" என்றேன்.

"ஊரு பூரா மீன் வாடை. எப்படித்தான் இருக்கீங்களோ!"

உப்புத் தடவிய பச்சைத் தோலுக்கு நடுவே நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவர் இப்படிக் கேட்டது எனக்கு ஒரு வாரம் சிரிக்கப் போதும். லாத்தா முறைத்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

மீனில் முள் அதிகம், விருந்து என்றால் ஆட்டுக்கறி பிரியாணிதான், அதுவும் வாணியம்பாடி பிரியாணிதான் என்று கல்யாணப் பந்தியிலேயே அவர் சொல்லியிருந்தார். உம்மா அதை மறக்கவில்லை. அவர்கள் வந்த மறுநாள் காலையிலேயே வாப்பாவைப் பொன்னேரிக்குக் கறி வாங்க அனுப்பிவிட்டு, வீட்டில் யாரும் குறுக்கே நிற்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். எனக்குக் கல்லூரி லீவு. மச்சானுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அதன் நுழைவாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருப்பார்கள். மச்சான் நின்றுவிட்டார்.

"மாமனார் வீட்டுக்கு வந்தவனை மொதல்ல இங்கதான் கூட்டிட்டு வருவியா?"

"எல்லாம் பெரிய வியாபாரிங்க மச்சான். துணி வாங்க வந்தாங்க, இங்கயே தங்கிட்டாங்க."

"சாப்பாடு ஒத்துக்கலை போல," என்றார்.

அடுத்து பள்ளிவாசலில் நிழற்கடிகாரத்தைக் காட்டினேன். குனிந்து நிழலைப் பார்த்தார், தன் புதுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், "இது கொஞ்சம் மெதுவா ஓடுது," என்றார். சூரியனைத்தான் சொன்னார்.

படகுத்துறையில் எங்கள் வீட்டுக்கு மீன் கொடுக்கும் படகுக்காரர் ஏரிக்கு அக்கரையில் இருக்கும் தன் ஊரான பசியாவரத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "ஒரு நடை போய்ட்டு வந்துடலாம், ஏறுங்க மாப்ள," என்றார். எங்கள் ஊரில் ஒரு வீட்டு மாப்பிள்ளை ஊருக்கே மாப்பிள்ளை. மச்சான் வெள்ளை பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

பாதி ஏரியில் படகு தரை தட்டி நின்றது. படகுக்காரர் கழியை ஊன்றித் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

"தண்ணி வத்திக்கீது மாப்ள. ரெண்டு பேரும் எறங்கினா படகு லேசாவும்."

"நடு ஏரியிலயா?"

"முட்டிக்காலுதான் மாப்ள."

தண்ணீர் முட்டிக்கால்தான். அதற்குக் கீழே சேறு எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. மச்சான் ஒரு காலை வைத்தார், அது உள்ளே போனது. அதை இழுக்க மறுகாலை ஊன்றினார், அதுவும் போனது. பிறகு மெதுவாக, மரியாதையாக, ஏரியில் உட்கார்ந்தார். கடிகாரம் நின்றுபோனது. நான் படகுக்குப் பின்னால் போய் முகத்தை மறைத்துக்கொண்டு தள்ளினேன். சிரிப்பில் கையில் வலுவே இல்லை.

பசியாவரத்தில் படகுக்காரரின் மனைவிக்கு ஒளிந்து சிரிக்கும் அவசியம் இல்லை. "இன்னாய்யா, மாப்ளயைக் குளிப்பாட்டி இட்டாந்துக்கிறே!" என்று கணவரைக் கேட்டுக்கொண்டே ஒரு கட்டம் போட்ட லுங்கியைக் கொடுத்தார். பேண்ட்டை வேலியில் காயப்போட்டார். அப்புறம் தட்டில் சுடுசோறு போட்டு, மாங்காய் போட்ட மடவைக் குழம்பை ஊற்றினார்.

"அக்கா, அவருக்கு மீன் ஆவாது," என்றேன்.

"ஒரு வாய் துன்னட்டும். நடுமுள்ள உருவிட்டா மத்ததெல்லாம் சதைதான்."

மச்சான் மரியாதைக்காக ஒரு வாய் வைத்தார். மென்றார். இரண்டாவது வாய் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அதன் பிறகு அவர் தலை நிமிரவே இல்லை. சட்டியில் எனக்கு ஏதாவது மிஞ்சுமா என்று நான் எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன்.

திரும்பும்போது, "வீட்ல சொல்லிடாதே," என்றார். கட்டம் போட்ட லுங்கியும் கையில் ஈர பேண்ட்டுமாக அவர் கடைத்தெருவில் நடந்து வந்ததை ஊரே பார்த்தது. வாசலில் லாத்தா அவர் கையைப் பிடித்து முகர்ந்தாள். "மடவை," என்றாள்.

உள்ளே உம்மா சட்டியின் பக்கத்தில் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். விசேஷங்களுக்குச் சமையல்காரர்தான் பிரியாணி ஆக்குவார். உம்மா தனியாக ஆக்கியது அதுதான் முதல் தடவை.

"சோறு கொழஞ்சிடுச்சி மாப்ள. உங்க ஊரு ஆளுங்க பார்த்தா சிரிப்பாங்க," என்றபோது உம்மாவின் கண் கலங்கிவிட்டது.

மச்சானால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "மாமி, நான் பசியாவரத்துல மீன் சோறு சாப்பிட்டுட்டேன். மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்."

உம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "மீன் துன்னுவீங்களா? இதை நேத்தே சொல்லக்கூடாதா! வெடிஞ்சதுலேர்ந்து அடுப்புல வெந்துக்கினு கெடக்கேன்!" கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரே சிரித்துவிட்டார்.

மச்சான் விடாமல் உட்கார்ந்து பிரியாணியையும் கொஞ்சம் சாப்பிட்டார். "கறி அருமை மாமி. அரிசிதான் கொஞ்சம் அவசரப்பட்டிருச்சு."

மறுநாள் ஊருக்குக் கிளம்ப வேண்டியவர், உடம்பு சரியில்லை என்று மண்டிக்குத் தந்தி கொடுக்கப் போனார். திரும்பி வரும்போது ஒரு பனையோலைக் கூடை நிறைய இறால் வாங்கி வந்தார்.