லேபிள் உரித்த பாட்டில்

செண்பகம் அக்கா பொய் சொல்லி நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அந்தத் தடவையும் நான் பக்கத்திலேயே வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஆகவே அவளை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் நைசாக நழுவ முடியாது.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எங்கள் மெடிக்கல் ஷாப். கடைக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் ஊரில் கேட்டால் "செண்பகம் கடை" என்றுதான் வழி சொல்வார்கள். முதலாளி வேங்கடேசனின் பி.பார்ம் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்குகிறது. கடையை நடத்துவது அக்கா. கம்ப்யூட்டரில் பில் போடுவது இளவரசியாகிய நான். ஒன்பது வருஷமாக ஒரே கவுண்டருக்குள் இடித்துக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் நிற்கிறோம்.

அக்காவுக்குச் சொந்த ஊர் பெருமுக்கல். பிளஸ் டூ முடித்துவிட்டு நர்ஸிங் சேரணும் என்று அழுதவளை அவள் அப்பா அடுத்த தை மாசமே கட்டிக்கொடுத்துவிட்டார். கணவருக்கு லாரி ஓட்டுகிற வேலை, மாசத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிசயம். பாட்டில்களில் தூசி தட்டுவதற்கென்று கடைக்கு வந்த அக்கா, இருபத்திரண்டு வருஷத்தில் எந்த டாக்டரின் கோழிக் கிறுக்கலையும் படிக்கக் கற்றுக்கொண்டாள். அதைவிடப் பெரிய வித்தை ஒன்றும் அவளிடம் உண்டு. இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி வந்து நின்றால், ஒரே பார்வை. "ஒன்பதரை கிலோ இருக்கும். நாலே முக்கா மில்லி, மூணு வேளை." ஒருநாள் முதலாளி வேண்டுமென்றே எடை மெஷினைக் கொண்டுவந்து வைத்துச் சோதித்தார். பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பிள்ளைகளுக்கு அப்படியே சரியாக இருந்தது. பத்தாவது பிள்ளை காலில் கனமான வெள்ளிக் காப்பு போட்டிருந்தது என்று அக்கா இன்றுவரை சாதிக்கிறாள்.

அவளுக்கு ஒரே மகள், சங்கவி. இரண்டு வருஷம் நீட் எழுதினாள், கிடைக்கவில்லை. இரண்டாவது ரிசல்ட் வந்த பிறகு அந்தப் பெண் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அம்மா கேட்டால் "உம்", "ம்ஹூம்" அவ்வளவுதான். அந்தச் சமயத்தில் குயிலாப்பாளையத்தில் இருக்கும் அவள் சித்தி, தான் வேலை செய்யும் வீட்டு வெள்ளைக்காரம்மா ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன ஒரு கினி பிக்கைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். எலிக்கு வாலை வெட்டிவிட்டு, முயலுக்குக் காதை வெட்டிவிட்டு, இரண்டையும் ஒன்றாகப் பிசைந்த மாதிரி ஒரு ஜந்து. கேப்பை நிறத்தில் இருந்ததால் கேப்பை என்றே பெயர் வைத்தாள். கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கிற சத்தம் கேட்டாலே "வீக், வீக்" என்று தெரு முனை வரைக்கும் கத்தும். அறுகம்புல் அறுக்க சங்கவி வெளியே போக ஆரம்பித்தாள். அதனிடம் பேச ஆரம்பித்தாள். நாலு நாள் கழித்து அம்மாவிடமும் பேசினாள். அக்கா அதைக் கடையில் வந்து சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

போன ஆடியில் கேப்பைக்குச் சளி பிடித்தது. மூக்கில் நீர், கண்ணில் பீளை. சங்கவி போனில் தேடிப் படித்துவிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டாள். "மனுஷ மருந்து எதுவும் வேணாம்மா. விழுப்புரத்துல புனிதா டாக்டரு இதெல்லாம் பாக்குறாங்களாம். லீவுல இருக்காங்க, செவ்வாய்க்கெழமதான் வருவாங்க. அதுவரைக்கும் வைட்டமின் சி சொட்டு மருந்து மட்டும் கடையிலேர்ந்து எடுத்துக்கினு வா."

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். அக்கா அமாக்ஸிசிலின் சிரப்பு ஒன்றில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினாள். ரோஸ் நிறம், பிள்ளைகளுக்குச் சளி என்றால் எங்கள் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற மருந்து. பிறகு ஈரத்துணியை வைத்து அதன் லேபிளை உரிக்க ஆரம்பித்தாள்.

"இன்னாக்கா பண்ற?"

"கேப்பைக்குத்தாண்டி. வைட்டமின்னு சொல்லிக் குடுத்துக்கலாம்."

"சங்கவிதான் வேணாம்னு சொல்லிச்சே?"

"அவ போனுல படிச்சவ. நான் இங்க நின்னுக்கினு படிச்சவ. செவ்வாய்க்கெழம வரைக்கும் விட்டா சளி நெஞ்சுல எறங்கிடும். பத்து கிலோ புள்ளைக்கு அஞ்சு மில்லி. இது தொள்ளாயிரம் கிராமு. அரை மில்லிக்குத் துளி கொறைய. நீ வேலயப் பாரு."

எனக்கு வாய் நீளம் என்று மாமியார் வீடு முழுக்கச் சொல்லும். அன்றைக்கு அது எங்கே போய்த் தொலைந்ததோ. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்று ராத்திரியும், சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலையும் மாலையும் அக்காவே தன் கையால் கொடுத்தாள். மூக்கு காய்ந்துவிட்டது. "பாத்தியா?" என்று போன் போட்டு என்னிடம் பீற்றிக்கொண்டாள். திங்கட்கிழமை காலையில் கேப்பை புல்லைத் தொடவில்லை. அக்கா கடைக்கு வந்துவிட்டாள். ஒரு நாளில் சரியாகிவிடும், மருந்துச் சூடு என்றாள். குரலில் தெம்பே இல்லை.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு சங்கவி கடை வாசலில் வந்து நின்றாள். கையில் காய்கறிக் கூடை. அதற்குள் பழைய துண்டில் கேப்பை முதுகைக் கூனிக்கொண்டு, முடியெல்லாம் சிலிர்த்துப்போய் உட்கார்ந்திருந்தது. துண்டு கழிச்சலில் நனைந்திருந்தது. "எண்ணூத்திப் பத்து கிராமுதாம்மா இருக்குது" என்றாள். கத்தவில்லை, அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இந்த ஜந்துகளின் வயிறு எந்நேரமும் அரைத்துக்கொண்டே இருக்கணுமாம், ஒரு நாள் நின்றால் குடலே நின்றுவிடுமாம். அதையும் அவள்தான் சொன்னாள்.

நான் விழுப்புரம் டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். எல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்கள்.

"பென்சிலின் வகை மருந்து எதாச்சும் குடுத்தீங்களா? அமாக்ஸிசிலின் மாதிரி? நாய் பூனைக்கெல்லாம் ஒண்ணும் பண்ணாதுங்க. கினி பிக்குக்கு அது விஷம். வயித்துல இருக்கிற நல்ல கிருமிய மொத்தமா கொன்னுடும்."

சங்கவி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் குடுக்கலீங்க டாக்டர். வைட்டமின் மட்டுந்தான்."

அதுதான் அந்தப் பொய். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அடிப்பாவி, சொல்லித் தொலையேன் என்று நெஞ்சுக்குள் கத்தினேன். வெளியில் ஒரு சத்தம் வரவில்லை. மறுபடி ஏதோ நல்லது நடந்து அந்தப் பெண் வீட்டில் பேச ஆரம்பித்திருக்கிறாளே, அந்தப் பேச்சை இழக்க அக்கா துணிய மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

"ஜல்தியா கெளம்பி வாங்க" என்று டாக்டர் போனை வைத்தார்கள்.

"நீயும் வாடி" என்று அக்கா என் கையைப் பிடித்தாள். முதலாளியைக் கடையில் உட்கார வைத்துவிட்டு மூன்று பேரும் விழுப்புரம் பஸ் ஏறினோம். சன்னல் பக்கம் சங்கவி, நடுவில் அக்கா, ஓரத்தில் நான். கேப்பை சங்கவி மடியில் கிடந்தது. அது மூச்சு விடும்போது விலா எலும்பு துண்டுக்கு மேலேயே தெரிந்தது.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் சங்கவி பையைத் திறந்தாள். ஊசி இல்லாத சிரிஞ்சும் அந்த லேபிள் இல்லாத பாட்டிலும் வெளியே வந்தன.

"பதினோரு மணி ஆவுது. தெம்பாவது வரட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சிரிஞ்சில் ரோஸ் மருந்தை இழுத்தாள். ஒரு மில்லிக் கோடு வரைக்கும் இழுத்தாள். அக்கா கொடுத்த அளவைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

என் முழங்கால் அக்காவின் முழங்காலை இடித்தது. இடித்தேன். அவள் அசையவில்லை. சங்கவி கேப்பையின் தாடையைத் தூக்கிப் பிடித்து, சிரிஞ்சின் முனையை அதன் வாயோரத்தில் வைத்தாள். அவள் கட்டைவிரல் அழுத்தப் போனது.

அக்காவின் கை பாய்ந்தது. சிரிஞ்சைப் பிடுங்கிய வேகத்தில் மருந்தெல்லாம் அவள் சேலையில் கொட்டியது.

"வேணாம்டி!"

பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏம்மா? வைட்டமின்தானே?"

"இல்லடி. அது வைட்டமின் இல்ல."

"பின்ன இன்னா?"

"டாக்டரம்மா போனுல கேட்டாங்களே. அதுதான்."

சங்கவி கேப்பையின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு பேசினாள், அம்மாவைப் பார்க்காமல்.

"நேத்து சாப்புடலன்னு நாலு தடவ குடுத்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு மில்லி. சத்து மருந்துதானே, கூடப் போனா இன்னான்னு குடுத்தேன். இன்னிக்குக் காலையில ஒண்ணு. எல்லாம் என் கையாலயே."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மொத நாளே நக்கிப் பாத்தேம்மா. இனிச்சிச்சி. வைட்டமின் சி புளிக்கணுமேன்னு நெனச்சேன். நீ குடுத்தியேன்னு விட்டுட்டேன்."

அதற்கப்புறம் விக்கிரவாண்டி டோல்கேட் வந்தது, போனது. அக்கா அழுதாள். நானும் என் பங்குக்கு "வெள்ளிக்கெழமையே எனக்கும் தெரியும் சங்கவி" என்று சொல்லித் தொலைத்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கன்னத்தில் அறைந்திருந்தால் தேவலை.

புனிதா டாக்டர் கேப்பையை மேஜையில் வைத்து வயிற்றில் காதுக்குழலை வைத்தார்கள். ரொம்ப நேரம் கேட்டார்கள். "சத்தமே இல்ல" என்றார்கள். நாங்கள் யாரும் கேட்காமலே அக்கா முன்னால் வந்து நின்றாள். இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்களுக்கு அளவு சொன்ன குரல், இப்போது தன் கணக்கைச் சொன்னது.

"அமாக்ஸிசிலின் குடுத்துட்டேங்க. வெள்ளிக்கெழம ராத்திரிலேர்ந்து. நான் குடுத்தது அஞ்சு வேளை, ரெண்டே கால் மில்லி. பொண்ணு தெரியாம குடுத்தது அஞ்சு மில்லி. மொத்தம் ஏழே கால். போனுல பொய் சொன்னேன். அவ மேல ஒண்ணும் தப்பில்லீங்க."

டாக்டர் திட்டவில்லை. "இப்பவாவது சொன்னீங்க. சொல்லலன்னா சளி மிச்சம் இருக்குன்னு நானும் இன்னொரு ஆன்டிபயாடிக் ஏத்தியிருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும்" என்றார்கள். பிறகு அக்காவின் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தார்கள். "அளவெல்லாம் துல்லியமாத்தான் போட்டிருக்கீங்க. மருந்துதான் தப்பு."

தோலுக்கடியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கெட்ட கிருமியைக் கொல்ல வேறொரு மருந்து கொடுத்தார்கள். அதற்கும் ஒரு பேஜாரு உண்டாம், கசப்பில் இருக்கிற கொஞ்சநஞ்சப் பசியையும் கெடுக்கும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புல்லை அரைத்து நாமே வாயில் ஊட்டணும். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு நான் மூக்கைப் பொத்தினேன். டாக்டர் வளர்க்கும் நோயில்லாத கினி பிக்கின் புழுக்கையைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி ஊட்டணுமாம். செத்துப்போன நல்ல கிருமி அதில்தான் திரும்பி வரும். கரைக்கிற வேலையை அக்கா செய்தாள். வெறும் கையால், முகம் சுளிக்காமல் செய்தாள்.

"மூணு நாளு தாங்கிடுச்சின்னா பொழச்சிக்கும். தெனம் ஒரே நேரத்துல எடை போடுங்க. கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க" என்றார்கள் டாக்டர். அவர்களுக்கு அக்காவின் வித்தையைப் பற்றி எதுவும் தெரியாது.

புதன்கிழமை எழுநூற்றுத் தொண்ணூறு. வியாழன் எழுநூற்று எழுபது. சங்கவி அம்மாவைக் கூடைப் பக்கம் அண்ட விடவில்லை. அக்கா அடுப்படியில் அறுகம்புல்லை அரைத்து, கிண்ணத்தை வாசற்படியில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள். அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கும் கடைக்கும் அலைந்தாள். வெள்ளிக்கிழமை எழுநூற்று எழுபதிலேயே எடை நின்றது. சனிக்கிழமை காலையில் எழுநூற்று எழுபத்தாறு. நான் கொத்தமல்லிக் கட்டோடு உள்ளே நுழைந்தேன். பிளாஸ்டிக் பை சரசரத்ததும் கூடைக்குள்ளிருந்து காற்றுப் போன ஊதல் மாதிரி ஒரு "வீக்" வந்தது. அக்கா அடுப்படியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வாரம் இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி கடைக்கு வந்தாள். "அக்கா, எப்பவும் குடுப்பியே, அந்த ரோஸ் மருந்து குடு." அக்கா பிள்ளையைப் பார்த்தாள். எடை அவள் நாக்கு நுனியில் இருந்தது, எனக்குத் தெரியும். "டாக்டரு சீட்டு இருந்தாத்தாம்மா" என்றாள். வந்தவள் முறைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனாள். முதலாளி முணுமுணுத்தார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன், அடங்கிவிட்டார்.

கேப்பைக்கு இனி தினமும் வைட்டமின் சி கொடுக்கணும். அக்கா சீல் உடைக்காத புது பாட்டிலை லேபிளோடு கொண்டுபோய் மகளிடம் நீட்டினாள். நான் கூட இருந்தேன். சங்கவி லேபிளை எழுத்து எழுத்தாகப் படித்தாள். சீலை உடைத்தாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கிப் பார்த்தாள். கொஞ்சம் காத்திருந்துவிட்டுத்தான் சிரிஞ்சில் இழுத்தாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏண்டி, சீல் போட்ட பாட்டிலுடி அது! பெத்தவ குடுக்கறா!"

"தெரியும்க்கா" என்றாள். அவ்வளவுதான்.

இப்போது நாற்பது நாளாகிறது. கேப்பை எண்ணூற்று அறுபதுக்கு வந்துவிட்டது. சங்கவி இன்னும் தினமும் ஒரு சொட்டு நக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறாள். அக்கா தடுப்பதில்லை. அவளே பாட்டிலைத் திறந்து, மகள் கேட்கும் முன்பே அவள் கையில் அந்தச் சொட்டை விடுகிறாள்.

"புளிக்குதா?" என்று கேட்கிறாள்.

"உம்" என்பாள் சங்கவி. நேற்றுதான் "புளிக்குதும்மா" என்றாளாம். காலையில் கடையைத் திறந்ததும் அக்கா என்னிடம் சொன்ன முதல் சேதி அதுதான்.